கழிக்கரைச் சிற்றூருக்கு மக்கள் தொகை எங்கே கிடைக்கும்? (கிள்ளை – பிச்சாவரம் பக்கம்)

#1 கழிக்கரைமகள்

வணக்கம். ஏழாவது படிக்கிற என் மகளுக்குப் பள்ளியில் 'என் ஊர்' என்று ஒரு செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் இருப்பது கோயம்புத்தூரில். அவளோ ஆயா ஊரைப் பற்றித்தான் எழுதுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்கும் அதில் சந்தோஷம்தான்.

அம்மா ஊர் கிள்ளைக்குக் கிழக்கே, உப்பங்கழி ஓரம். சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கி நடக்க வேண்டும். தார் ரோடு முடிந்து மண் ரோடு, மண் ரோடு முடிந்து மாரியம்மன் கோயில், கோயிலுக்குப் பின்னால் தண்ணீர். ஊர் அவ்வளவுதான். ஏத்தம் (கடல் தண்ணீர் ஏறுவது) பெருகும் நாளில் கோயில் படியில் உட்கார்ந்தே கால் நனைக்கலாம். வத்தத்தில், தண்ணீர் இறங்கியதும், அதே இடத்தில் சேறும் வேரும் நண்டு வளையுமாக ஐம்பதடி தூரத்துக்கு வெளியே தெரியும்.

செயல்திட்டத் தாளில் ஐந்து கட்டங்கள்: எல்லைகள், நீர்நிலைகள், தொழில், பரப்பளவு, மக்கள் தொகை. நீர்நிலையையும் தொழிலையும் அவளே நிரப்பிவிட்டாள். மற்றவை காலி. 2011 கணக்கெடுப்புப் பட்டியலை இணையத்தில் மூன்று நாள் துழாவினேன். கடலூர் மாவட்டத்துக்கு 26,05,914 என்று ஒரு ஆள் பிசகாமல் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெயர் எதிலும் இல்லை. அம்மாவைக் கேட்டால், "டீச்சர் ஒருத்தங்க வந்து திண்ணையில உக்காந்து எல்லாத்தையும் எழுதிக்கிட்டுப் போனாங்களே, மோர் கூட குடுத்தேன்" என்கிறார்.

அப்படி எழுதிக்கொண்டு போன எண்ணிக்கை எங்கே போனது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நிலஅளவர்_ஓய்வு

உங்கள் அம்மா சொல்வது சரிதான் அம்மா. ஆளை எண்ணாமல் விடவில்லை. எண்ணியதை வேறொரு பெயரின் கீழ் போட்டுவிட்டார்கள்.

நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், ஒரு கணக்கெடுப்பில் மேற்பார்வையும் பார்த்திருக்கிறேன். கிராமப்புறத்தில் கணக்கெடுப்பு வெளியிடும் மிகச் சிறிய அலகு வருவாய் கிராமம். வருவாய் கிராமம் என்பது சர்வே எண்களைச் சுற்றிப் போட்ட ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் ஒரே ஊரும் இருக்கலாம், பத்து ஊரும் இருக்கலாம், ஊரே இல்லாமலும் இருக்கலாம். குக்கிராமங்களுக்குப் பட்டியலில் தனி வரிசை கிடையாது. கிள்ளையோ பேரூராட்சி. அங்கே வார்டுதான் அலகு. உங்கள் அம்மா ஏதோ ஒரு வார்டின் மொத்தத்துக்குள் இருக்கிறார்.

ஆனால் உங்கள் ஊர் தனியாகத் தெரிகிற ஒரு தாள் உண்டு. கணக்கெடுப்பாளர் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 120 முதல் 150 வீடு கொண்ட ஒரு தொகுதி கொடுப்பார்கள். வீட்டுப்பட்டியல் எடுக்கும்போது அவர் அந்தத் தொகுதியைக் கையால் வரைய வேண்டும். ரோடு, கோயில், குளம், குழாய் எல்லாம் அதில் வரும். கெட்டி வீடு என்றால் சதுரம், கூரை வீடு என்றால் முக்கோணம். நான் பார்த்த கழிக்கரைத் தாள்களில் தண்ணீர்ப் பக்கம் போகப் போக முக்கோணமாகவே இருக்கும். அந்த வரைபடத்தைப் பார்த்தால் ஊர் கண்முன் நிற்கும். அதை வெளியிடுவதில்லை.

பரப்பளவு இன்னும் சிக்கல். குடியிருப்பு நிலத்துக்கு நத்தம் என்று பெயர். நத்தமாக வகைப்பட்டிருந்தால் அளந்து பரப்புச் சொல்லலாம். கழியோரம் பல குடியிருப்புகள் புறம்போக்கில் எழும்பியவை. அங்கே கணக்கில் இருப்பது ஆறு அல்லது ஓடை, அதன்மேல் இருக்கும் வீடு இல்லை. எங்களுக்கு நிலத்தை அளக்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தண்ணீரை ஒட்டி வாழ்கிறவர்களை எப்படி அளப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அளவுச் சங்கிலியைக் கரையிலேயே வைத்துவிட்டுத் திரும்பிய நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன.

#3 கழிக்கரைமகள்

ஐயா, மிக்க நன்றி. ஒரு சந்தேகம். பேரூராட்சி என்றால், கணக்கெடுப்புப்படி எங்கள் அம்மா நகரத்தில் இருக்கிறாரா?

#4 சோழமண்டலன்

ஆமாம் அக்கா. பேரூராட்சிகள் எல்லாமே கணக்கெடுப்பில் நகர்ப்புறம்தான். 2011-ல் தமிழ்நாட்டில் 48.4 சதவீதம் நகர்ப்புறம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, வத்தத்தில் நண்டு பிடிக்கிற உங்கள் ஊர்க்காரர்களும் அதில் சேர்த்தி.

இது வெறும் பெயர் விவகாரமாக இருந்தால் விட்டுவிடலாம். நூறு நாள் வேலை 2006-ல் தொடங்கியபோது முதல் கட்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. ஆனால் அது ஊராட்சிகளுக்கான வேலை, பேரூராட்சிக்கு வராது. ஒரே வாய்க்காலின் இரண்டு கரையிலும் ஒரே மாதிரிச் சேறு, ஒரே மாதிரிக் கூரை. ஒரு கரை ஊராட்சி, இன்னொரு கரை பேரூராட்சி. இந்தக் கரைப் பெண்கள் அட்டையோடு வேலைக்குப் போவதை அந்தக் கரைப் பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இடையில் 2004-ல் பேரூராட்சிகளைச் சிறப்புச் சிற்றூராட்சிகள் என்று மாற்றினார்கள். 2006-ல் மறுபடி பேரூராட்சி ஆக்கிவிட்டார்கள். ஊர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

குக்கிராமத்தையே அலகாக எடுத்த திட்டமும் வந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். முன்பு ஊராட்சிக்கு இவ்வளவு என்று ஒரே அளவாகப் பணம் கொடுத்தார்கள். இரண்டு குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் இருபது உள்ளதற்கும் ஒரே தொகை. கடைசியில் இருக்கிற கழிக்கரைக்கு எதுவும் வந்து சேராது. 2011-12-ல் 'தாய்' திட்டம் வந்தபோதுதான் குக்கிராமங்களின் எண்ணிக்கையைப் பார்த்து நிதி பிரித்தார்கள். மாநிலத்தின் 12,500-க்கு மேற்பட்ட ஊராட்சிகளில் 79,000-க்கு மேல் குக்கிராமங்கள் இருப்பதாகக் கணக்கு வந்தது அப்படித்தான். அதுவும் ஊராட்சிகளுக்கு மட்டும். பேரூராட்சிக்குள் இருக்கும் உங்கள் ஊர் அந்த எண்ணிலும் இல்லை.

#5 வலைக்காரன்_தம்பி

அக்கா, நேரா விஷயத்துக்கு வர்றேன். எண் வேணும்னா மூணு இடத்துல கேளுங்க.

ஒண்ணு அங்கன்வாடி. 800 பேருக்குள்ள ஒரு மையம்னு கணக்கு, அதனால அந்த அக்காகிட்ட வீடு வீடா எடுத்த குடும்பப் பதிவேடு இருக்கும். கர்ப்பிணி, கைக்குழந்தை முதல் தாத்தா வரைக்கும் எழுதியிருப்பாங்க. ஊர் அளவுல இதைவிட நல்ல கணக்கு கிடையாது. கிராம சுகாதார செவிலியர்கிட்டயும் இதேபோல ஒண்ணு உண்டு.

ரெண்டு, வாக்காளர் பட்டியல். ஒரு பாகத்துக்குள்ள தெரு வாரியா, குக்கிராமம் வாரியா பிரிச்சிருப்பாங்க, உங்க ஊர்ப் பேரே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா 18 வயசுக்கு மேல உள்ளவங்க மட்டும்தான்.

மூணு, மீனவ ஊரா இருந்தா மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் எடுத்த மீனவர் கணக்கெடுப்பு. 2005, 2010, 2016-னு எடுத்திருக்காங்க. 2010 கணக்குல தமிழ்நாட்டுல 573 கடல் மீனவ கிராமம். ஒவ்வொண்ணுக்கும் குடும்பம் எத்தனை, ஆள் எத்தனை, படகு எத்தனைன்னு போட்டிருக்கும். சர்க்கார் கணக்குல வார்டுக்குள்ள கரைஞ்சுபோன ஊரெல்லாம் இதுல பேரோட நிக்கும். முதல் தடவை எங்க ஊர்ப் பேரை அச்சுல பார்த்தப்ப நான் அதைப் போட்டோ எடுத்து எங்கப்பாவுக்கு அனுப்பினேன்.

#6 கண்டல்நிழல்

எண்ணைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். எல்லைகள் என்ற கட்டத்துக்கு நான் உதவலாமா? பரங்கிப்பேட்டைக்காரன் நான், இந்தக் கழியில் தோணி விட்டே வளர்ந்தவன்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலில் விழும் முகத்துவாரங்களுக்கு நடுவில் வலைப்பின்னலாக ஓடுகிற உப்பங்கழிதான் பிச்சாவரம். கான்சாகிப் வாய்க்கால் மேற்கிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து சேர்க்கிறது. கிழக்கே சின்னவாய்க்கால் பக்கம் கடல் வாய் திறந்திருக்கிறது. கண்டல் காடு (அலையாத்திக் காடு) ஏறக்குறைய 1,100 ஹெக்டேர். 2022-ல் ராம்சர் சதுப்பு நிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலமாக, அறிவித்தபோது எல்லைக்குள் வந்தது 1,478.64 ஹெக்டேர். காட்டுக்கு இரண்டு தசமம் வரை அளவு இருக்கிறது, அதன் ஓரத்து ஊருக்கு இல்லை. அக்காவின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது.

கடலுக்கும் கழிக்கும் நடுவில் ஒல்லியாக ஒரு மணல் திட்டு. கழிக்கு மேற்கே சேற்று நிலம், அப்புறம் வயல். மக்கள் எங்கே குடியேறினார்கள் என்று பார்த்தால், மணல் கொஞ்சம் உயர்ந்திருக்கும் இடத்தில்தான். வீடு நனையாமல் இருக்க என்று மட்டும் நினைக்காதீர்கள், குடிதண்ணீரும் அங்கேதான் இருந்தது. மணலில் பெய்கிற மழை கீழே இறங்கி உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே நாற்பதடி வரை இருக்கும் என்பது நிலத்தடி நீர்க்காரர்கள் சொல்லும் கணக்கு. எங்கள் ஆத்தா முழங்கால் ஆழத்துக்கு மணலைக் கையால் தோண்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். அடியில் தண்ணீர் கசிந்து தெளியும். கொட்டாங்குச்சியால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்றுவார். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்புக் கரிக்கும். ஓர் ஊற்று எத்தனை குடத்துக்குத் தாங்குமோ அத்தனை வீடுதான் அங்கே நிற்க முடியும். குழாய் வருவதற்கு முன் இந்த ஊர்கள் ஏன் சின்னதாகவே இருந்தன என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஊர்ப் பெயர்களைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். எம்.ஜி.ஆர். திட்டு, பில்லுமேடு, சின்னவாய்க்கால், முடசல்ஓடை, முழுக்குத்துறை. திட்டு, மேடு, வாய்க்கால், ஓடை, துறை. ஒவ்வொரு பெயரிலும் தண்ணீர் எங்கே, தரை எங்கே என்று சொல்லியிருக்கிறது. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்கு வருவது கிள்ளைக் கடற்கரைக்குத்தான். வழியில் முஸ்லிம் மக்கள் மரியாதை செய்து வரவேற்பார்கள். முழுக்கு நடக்கும் துறை, அதனால் முழுக்குத்துறை. பாப்பா பெயரிலிருந்தே தொடங்கினால் பாதி நிலவியல் வந்துவிடும்.

கிழக்கு எல்லை என்ன எழுதுவது என்று குழம்புவாள். எங்கள் பக்கம் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் தரை தட்டையாக இருப்பதால் அந்த ஒரு மீட்டரே வெகுதூரம் உள்ளே வந்துவிடும். கிழக்கு எல்லை ஒரு நாளைக்கு இரண்டு தடவை நகர்கிறது. கடலோர ஒழுங்குமுறைச் சட்டத்தில் அமாவாசை, பௌர்ணமிப் பெருக்கில் தண்ணீர் தொடுகிற கடைசி வரம்பைத்தான் உயர் ஓதக் கோடு என்று பிடிக்கிறார்கள். பாப்பா அதை ஒரு கோடாகவும், வத்தத்தின் வரம்பைப் புள்ளிக் கோடாகவும் வரையட்டும்.

#7 பறி_தூக்கி

வணக்கம். நான் இருளர். பிச்சாவரம் கழிதான் எங்களுக்கு வயல். ரொம்ப எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வலை கிடையாது. வத்தம் வந்ததும் கழியில் இறங்கி மண்டி போட்டு, கழுத்தளவு தண்ணீரில் தவழ்ந்து போவோம். இரண்டு கையையும் சேற்றில் விரித்துத் தடவிக்கொண்டே போனால் இறால் கையில் துள்ளும். அமுக்கிப் பிடித்து பறிக் கூடையில் போட வேண்டும். பறியின் கயிறு பல்லில் இருக்கும், கை இரண்டும் வேலையாக இருக்கிறதே. அதனால் இறங்கியவர்கள் பேச மாட்டார்கள். பத்துப் பேர் தண்ணீரில் இருந்தாலும் கரையில் இருக்கிறவருக்குச் சத்தமே கேட்காது. வேரில் ஒட்டிய சிப்பி கிழித்து எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் கை, முழங்கால் தழும்புதான்.

மக்கள் தொகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2011-ல் கணக்கு எடுத்தது பிப்ரவரி 9-லிருந்து 28 வரை. அந்த நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவரை அந்த ஊரில் எழுதக் கூடாது, அப்போது எங்கே இருக்கிறாரோ அங்கே எழுத வேண்டும் என்று விதி. தை, மாசியில் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் அறுப்புக்கும் செங்கல் சூளைக்கும் போயிருப்பார்கள். சூளையில் யார் வந்து எழுதுவார்கள்? எழுதினார்களோ இல்லையோ, ஊர்க் கணக்கில் அவர்கள் இல்லை. தமிழ்நாட்டில் இருளர் 1,89,661 பேர் என்று 2011 சொல்கிறது. அதில் என் தம்பி குடும்பம் உண்டா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தங்கச்சி, உங்கள் மகளிடம் சொல்லுங்கள், எந்த மாசம் எண்ணினோம் என்றும் எழுத வேண்டும்.

#8 நிலஅளவர்_ஓய்வு

பறி_தூக்கி அவர்களே, நீங்கள் சொன்னது பெரிய விஷயம். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக வைத்து அரசிதழில் வெளியிட்டிருக்கிறார்கள். 2021-ல் நடந்திருக்க வேண்டியது, கொரோனாவில் தள்ளிப்போனது. ஆள் எண்ணுவது திரும்பவும் பிப்ரவரிதான், திரும்பவும் அறுப்புக் காலம்தான். இந்தத் தடவை நாமே இணையத்தில் பதிவு செய்துகொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். உங்கள் பகுதிப் பிள்ளைகள் யாராவது சூளைகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தால் நல்லது. நான் வரத் தயார்.

#9 சிதம்பரத்தான்

நிலவியல் என்றதும் சுனாமியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 26-12-2004 காலையில் கழிக்கு வெளியே திட்டில் இருந்த ஊர்கள் அழிந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்துக் கதிரேசனும் ராஜேந்திரனும் 18 குக்கிராமங்களை ஒப்பிட்டு 2005-லேயே கட்டுரை எழுதினார்கள். கண்டல் காடுதான் காப்பாற்றியது. மரம் இருந்தது, ஊர் இருக்கிறது. இதைப் பாப்பா கட்டாயம் எழுத வேண்டும்.

#10 சோழமண்டலன்

அண்ணே, அதே 18 ஊர்த் தரவை எடுத்து 2006-ல் வேறு சிலர் திரும்பக் கணக்குப் போட்டார்கள். கடலிலிருந்து ஊர் எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்ற இரண்டையும் கழித்துவிட்டால் மரத்துக்கென்று தனியாக மிச்சம் நிற்கவில்லை என்றார்கள். மேடும் தூரமும்தான் காப்பாற்றின என்பது அவர்கள் வாதம். அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதுதான் நியாயம்.

#11 சிதம்பரத்தான்

கட்டுரை எப்படி வேண்டுமானாலும் சொல்லட்டும் தம்பி. அன்றைக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு உயிர் பிழைத்தவர்களை நான் பார்த்துப் பேசியிருக்கிறேன். அவர்களிடம் போய் மரத்துக்குப் பங்கில்லை என்று சொல்ல உங்களால் முடியுமா?

#12 கண்டல்நிழல்

இருவரும் ஒரே இடத்தை இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர் ஏன் கடலிலிருந்து தூரத்தில் இருக்கிறது? நடுவில் காடும் சேறும் இருப்பதால், அங்கே வீடு கட்ட முடியாததால். தூரத்தை உண்டாக்கியதே காடுதான். கணக்கில் தூரத்தைத் தனியாகக் கழித்தால் காட்டின் பங்கும் அதோடு சேர்ந்து போய்விடும். ஆனால் காடு இருக்கிறது என்ற தைரியத்தில் தாழ்ந்த இடத்தில் வீடு கட்டலாமா என்று கேட்டால், கூடாது. சோழமண்டலன் சொன்ன மறுகணக்குக்கு அங்கே மதிப்பு உண்டு.

காடு தானாக நின்றதும் இல்லை. 1970-கள் வரை கூப்பு விட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரேயடியாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் தரை உள்வாங்கிப் பள்ளமாகி, வந்த தண்ணீர் திரும்பப் போகாமல் வெயிலில் காய்ந்து உப்பேறி, எதுவும் முளைக்காமல் கிடந்தது. பிறகு வனத்துறையும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைகள். ஏத்தம் உள்ளே வந்து வத்தத்தோடு திரும்பிப் போக வழி கிடைத்தது. வெண்கண்டல் பிடித்துக்கொண்டது. அந்த வேலையில் நான் மண்வெட்டி பிடித்திருக்கிறேன். ஓரிடத்தில் கிளை வாய்க்காலின் வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் நின்றுவிட்டது, எங்களுக்குத் தெரியவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் காலால் சேற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு சாண் இறக்கு" என்றார். இறக்கினோம், ஓடியது.

#13 கொள்ளிடக்கரை

தெற்குப் பக்கத்தையும் மறக்காதீர்கள். சுனாமி ஒரு தடவை வந்தது. எங்களுக்கு மேட்டூர் அணை நிரம்பி, முக்கொம்பு அணையில் கொள்ளிடத்துக்குத் திறந்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஊர் தீவுதான். திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். 2018 ஆகஸ்டில் படகில்தான் ஆட்களை வெளியே கொண்டுவந்தார்கள். கடல் ஏத்தமும் ஆற்று வெள்ளமும் ஒரே நேரத்தில் சந்தித்தால் தண்ணீர் வடியவே வடியாது. மக்கள் தொகையில் இதுவும் சேரும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று சிதம்பரத்தில் வாடகைக்குப் போன குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே நான்கு.

#14 வலைக்காரன்_தம்பி

அக்கா, இன்னொண்ணு விட்டுப்போச்சு. உங்க ஊர்ல தலைக்கட்டு நோட்டு, அதான் குடும்பக் கணக்கு நோட்டு, இருக்குமே, பாத்தீங்களா? திருவிழா வரி வசூலிக்க ஊர்ப் பஞ்சாயத்துல எழுதி வச்சிருப்பாங்க. சர்க்கார் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணுது, ஊர் வருஷா வருஷம் எண்ணுது. சுனாமி நிவாரணம் வந்தப்பகூட பல ஊர்ல அந்த நோட்டை வச்சுத்தான் பிரிச்சாங்க.

#15 கழிக்கரைமகள்

இரண்டு வாரம் இந்தப் பக்கம் வரவில்லை, மன்னியுங்கள். விடுமுறைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டேன். இதை அம்மா வீட்டுத் திண்ணையில் இருந்து எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடியே செய்தோம். அங்கன்வாடி அக்கா பதிவேட்டை எங்கள் முன் திறந்துவைத்து மொத்தத்தைப் படித்துச் சொன்னார். வாக்காளர் பட்டியலில் எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது. வலைக்காரன் தம்பி, நீங்கள் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பியது ஏன் என்று எனக்கு அப்போது புரிந்தது. அப்புறம் மகள் தானே எண்ணுவேன் என்று நோட்டோடு கிளம்பினாள். கோயிலில் ஆரம்பித்துத் தண்ணீர்க் கரையோடு போய்ச் சுற்றிவந்தோம். கெட்டி வீட்டுக்குச் சதுரம், கூரைக்கு முக்கோணம். ஐயா, அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பூட்டிய வீட்டுக்கு என்ன போடுவது என்று கேட்டாள். இரண்டு பேரும் யோசித்து, சதுரத்துக்குள் ஒரு சாவி வரைந்தோம். ஒரு வீட்டுக்காரர் சிங்கப்பூரில், இன்னொருவர் திருப்பூரில், ஒரு வீட்டில் ஆளே இல்லை, பக்கத்து வீட்டு அத்தை மட்டும் தினமும் வாசல் தெளிக்கிறார். தாளின் மேலே எண்ணிய மாதத்தையும் எழுதியிருக்கிறாள். அண்ணா, அது நீங்கள் சொன்னது.

தலைக்கட்டு நோட்டும் பார்த்தோம். பழைய நீள நோட்டு, அட்டை போய்த் துணி ஒட்டியிருக்கிறது. பெரியவர் ஒருவர் வாசித்தார். அம்மா பெயர் வந்த இடத்தில் பக்கத்தில் ½ என்று இருந்தது. அப்பா இறந்த பிறகு அப்படி மாற்றியிருக்கிறார்கள். வரி பாதி கட்டினால் போதும் என்று சலுகையாகத்தான் செய்தார்களாம். மகள் என்னைப் பார்த்தாள். "ஆயா ஏம்மா அரை?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அம்மாதான், "வரிக்கு அரை கண்ணு, சாப்பாட்டுக்கு முழுசு" என்று சொல்லி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பங்கு பிரிக்கும் நாளிலும் அந்த அரைதான் கணக்கு என்று அம்மா அவளிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அடுத்த ஊர்க் கூட்டத்தில் இதைக் கேட்கப்போகிறேன். மகளின் தாளில் ஆயா ஒன்று.

இன்னும் ஒரு கட்டம் பாக்கி. அம்மா பிறந்தது வெளியே திட்டில். கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்தவர். சுனாமியில் பெரியம்மா வீடும் அந்தத் தெருவும் போய்விட்டன, தப்பியவர்களை இந்தப் பக்கம் குடிவைத்தார்கள். மகள் அந்தத் திட்டையும் வரைந்து வைத்துவிட்டு, மக்கள் தொகை பூஜ்யம் என்று போடவா என்கிறாள். அம்மா வேண்டாம் என்கிறார். நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று நாளைக்குப் படகு கேட்டிருக்கிறோம்.

#16 பறி_தூக்கி

தங்கச்சி, திட்டில் இப்போதும் பொழுதுக்கும் ஆள் வந்துபோகிறார்கள். வலை காயப் போடுவார்கள், வருஷா வருஷம் டிசம்பரில் விளக்கு ஏற்ற வருவார்கள். குடியிருப்பு இல்லை என்று எழுதச் சொல்லுங்கள், பூஜ்யம் வேண்டாம்.

#17 நிலஅளவர்_ஓய்வு

சரியாகச் சொன்னீர்கள். எங்கள் பதிவேட்டிலும் ஆளில்லாத ஊரின் பெயரை அடிக்க மாட்டோம். பெயர், எண், எல்லை எல்லாம் அப்படியே இருக்கும்.

#18 கண்டல்நிழல்

அக்கா, நாளைக்கு அமாவாசை. காலையில் பெருக்கு அதிகமாக இருக்கும், முகத்துவாரத்துப் பக்கம் இழுக்கும். அம்மாவையும் பாப்பாவையும் வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் போகாதீர்கள். மத்தியானத்துக்கு மேல் வத்தம் பிடித்ததும் கிளம்புங்கள். படகு கரை வரை வராது, கொஞ்ச தூரம் சேற்றில் நடக்க வேண்டியிருக்கும். சுரபுன்னை வேர்ப் பக்கம் கால் வைக்க வேண்டாம், சிப்பி கிழிக்கும். பாப்பாவுக்குப் பழைய செருப்பு ஒன்றைக் காலோடு கட்டிவிடுங்கள்.